மகளின் அறையில் புல்லுக்கட்டு

மளிகைக் கடைக்காரனிடம் ஒரு குதிரையை ஒப்படைத்துவிட்டுப் போனால் அவன் முதலில் கொள்ளு மூட்டையைத்தான் பிரிப்பான். நானும் அதைத்தான் செய்தேன். என் கடையில் இப்போது கொள்ளு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் தொப்பையைக் குறைக்க நினைக்கும் மனிதர்கள். முப்பது வருடம் அவர்களுக்கு நிறுத்துப் போட்ட பிறகு, ஒருவழியாக உரிய ஆளுக்கே அது போய்ச் சேரப்போகிறது என்று எனக்கு ஒரே பெருமை. வேகவைத்து, ஆறவைத்து, பெரிய அலுமினியத் தட்டில் கொண்டுபோய் அந்தக் கிழப் பெண்குதிரை முன்னால் வைத்தேன். என் மனைவி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தாளிச்சுக் கொட்டலியா?" என்று கேட்டாள்.

கல்கத்தாவின் கிடர்பூரில் துறைமுகத்தை நம்பி என் அப்பா போட்ட கடை இது. கப்பல் வேலைக்கும் சுங்க இலாகா வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் புழுங்கலரிசியும் அப்பளமும் காப்பிப் பொடியும் விற்ற கடை. அந்தக் குடும்பங்களில் பாதி இப்போது இல்லை. ஆனால் வங்காளிகள் இட்லிக்குப் பழகிவிட்டதால் எனக்குக் குறைவில்லை. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, அதற்கும் பின்னால் லாரி வந்து சரக்கு இறக்க ஒரு முற்றம், முற்றத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. கடைக்கு மேலே எங்கள் வீடு. மொட்டைமாடியில் மகளுக்காகக் கட்டிய ஒற்றை அறை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது தனி அறை வேண்டும், அதுவும் மாடியில்தான் வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்தில் கட்டியது. இப்போது அவளுக்கு நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கேயே இரண்டு வங்காளிப் பெண்களோடு ஒரு பிளாட்டில் இருக்கிறாள்.

அந்தக் குதிரை எங்களுடையது அல்ல. மைதானத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் கோச்சு வண்டிகள் உண்டே, அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் குதிரைக்குச் சொந்தக்காரர். சித்தப்பா முறை வைத்து நாங்கள் அவரைச் சாச்சா என்று கூப்பிடுவோம். பீகாரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். கோச்சு வண்டிகளுக்குக் கெடுபிடி அதிகமாகி, சவாரியும் குறைந்து, கூட ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். சாச்சா மட்டும் வண்டியை விற்றுவிட்டுக் குதிரையை விற்காமல் வைத்திருந்தார். போன ஆடி மாதம் அவருக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் என்று ஆனது. ஊரில் மகள் வீட்டில் தங்கிச் செய்துகொள்ள வேண்டும். தரகன் ஒருவன் வந்து, செங்கல் சூளைக்கு மண் இழுக்க இந்தக் கிழட்டுக் குதிரை போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சாச்சா கடைக்கு வந்து இதைச் சொன்னபோது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் வந்தார். நான்தான் முந்திக்கொண்டு, அவளை எங்கள் கொட்டகையில் கட்டுங்கள், நீங்கள் கண் தெரிந்து திரும்பி வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு என் மகள்தான் காரணம். அவள் பிறக்க இருந்த அன்று காலையிலிருந்து ஆவணி மழை கொட்டித் தீர்த்தது. கல்கத்தா மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம் ஓய்ந்த பிறகும் தெரு ஓயாது. சாயங்காலம் என் மனைவிக்கு வலி கண்டபோது வாசலில் முழங்கால் தண்ணீர். டாக்சிக்காரர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறது என்றார்கள். அப்போதுதான் சவாரி இல்லாமல் லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த இந்த மனிதர், முன்பின் தெரியாதவர், வண்டியை நிறுத்தினார். பிளாஸ்டிக் பூவும் ஜிகினாவும் சுற்றிய வண்டி. அதில் என் மனைவியை ஏற்றினோம். தண்ணீருக்கடியில் சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கும் என்று தெரியாது என்பதால் அவர் வண்டியில் ஏறாமல் குதிரையின் வாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் அப்போது இளங்குதிரை. பஸ் ஒன்று அலையடித்துக்கொண்டு போனது, பக்கத்தில் கைவண்டி ஒன்று கவிழ்ந்தது, அவள் மிரளவில்லை. ஒவ்வொரு காலாக வைத்து அலிப்பூர் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். கொடி சுற்றியிருந்தது, இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

சாச்சா கூலி வாங்கவில்லை. குதிரைக்கு ஏதாவது கொடுங்கள் என்றார். மறுநாள் கடையிலிருந்து ஒரு உருண்டை மண்டை வெல்லம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து மகளின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கோவிலுக்குப் போகிறோமோ இல்லையோ, லாயத்துக்குப் போய் அவளுக்கு வெல்லம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஆகவே அவளைச் சாப்பிட வைத்து, உயிரோடு அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த மழைக்காலத்தில் இருந்த ஒரே கவலை அதுதான்.

கொள்ளு சமாசாரத்தைப் போனில் கேட்டதும் சாச்சா பதறிவிட்டார். புல்தான் அவளுக்கு ரொட்டி, கொள்ளு வெறும் ஊறுகாய், ஊறுகாயை வைத்து யாராவது வயிற்றை நிரப்புவார்களா என்று கேட்டார். கிழட்டு வயிற்றில் அது உப்பிக்கொண்டு வலி எடுத்தால் குதிரை பிழைக்காதாம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மென்றுகொண்டே இருக்க வேண்டும், வயிறு காலியாகக் கிடக்கக் கூடாது என்றார். கொள்ளு மூட்டை மறுபடி கடைக்குப் போனது.

புல் என்று சொல்லிவிட்டார், ஆனால் எந்தப் புல்? ஊரில் மாடு வைத்திருந்த குடும்பம் என்பதால் எனக்குத் தெரிந்தது வைக்கோல். இங்கே அதைப் பிச்சாலி என்பார்கள். எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஆனால் மாடு அசைபோட்டு அதில் சத்தை எடுக்கும், குதிரையால் முடியாது, அவளுக்கு அது படுக்கத்தான் லாயக்கு என்று சாச்சா சொல்லிவிட்டார். அதனால் இரண்டு கட்டு வைக்கோல் வரவழைத்து, வண்டியிலிருந்து நேரே கொட்டகைத் தரையில் பரப்பினேன். அடுத்தது பச்சைப் புல். தினமும் காலையில் ஒருவன் வேன் ரிக்‌ஷாவில் கொண்டுவந்து போட்டான். மழையில் ஊறி, சொட்டச் சொட்ட வரும். நாலு நாளில் அவளுக்கு வயிற்றுப்போக்கு. குதிரை டாக்டர் வந்து பார்த்து, மழை விடுகிறவரை பச்சைப் புல்லே வேண்டாம், நல்ல காய்ந்த புல்லாகப் பார்த்துப் போடுங்கள் என்று சொன்னார். சாச்சா விட்டுப்போன காய்ந்த புல் கொஞ்சம் மூட்டையில் இருந்தது. அதைப் போட்டதும் வயிற்றுப்போக்கு நின்றது, அவளும் தெளிவானாள். இனி இதுதான் என்று முடிவு செய்தேன்.

பந்தயக் குதிரைகளுக்குக் காய்ந்த புல் போடும் வியாபாரி ஒருவரைக் கண்டுபிடித்தேன். லேசான பச்சை நிறம் மாறாமல், கையில் எடுத்தால் சலசலக்கும் அருமையான புல். மொத்தமாக ஒரு மாதத்துக்கு வாங்கினேன். காய்ந்த புல்லுக்கு எமன் ஈரம். பூஞ்சை பிடித்த புல்லைத் தின்றால் குதிரை காலி. முற்றத்தில் வைக்க முடியாது, கொட்டகை ஒழுகுகிறது, கிடங்கின் தரையிலும் மழைக்காலத்தில் ஈரம் கசியும். எங்கள் கட்டடத்தில் எந்த மழைக்கும் ஒரு சொட்டுக்கூட நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான். கிடங்கின் உள்ளே, மரப்பலகை அடித்த பரண். என் அப்பா காலத்திலிருந்து விலை உயர்ந்த சரக்கெல்லாம் அங்கேதான் இருக்கும். அதில் பாதியை ஒழித்துப் புல்லுக்குக் கொடுத்தேன். மூட்டைகளை நானே தோளில் வைத்து ஏற்றினேன்.

"குதிரைய மருமகன் மாதிரி வச்சித் தாங்குதீங்க" என்றாள் மனைவி. தாங்காமல் என்ன செய்வது?

மறுநாள் முதல் குதிரை சாப்பாட்டை நிறுத்தினாள்.

புல்லை முன்னால் வைத்தால் மூக்கைக் கொண்டுபோவாள், மேலுதட்டைச் சுருக்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதலில் புதுப்புல் பழகவில்லை என்று நினைத்தேன். பிறகு, நான் உயரத்தில் அடித்திருந்த மரத்தொட்டி பிடிக்கவில்லையோ என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செங்கல் அடுக்கிப் பலகை போட்டுத் தாழ்வாக வைத்தேன். திரும்பவும் அதே முகம். டாக்டர் வந்து வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார். பல் தேய்ந்திருக்கிறது, பொடியாக நறுக்கித் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள் என்றார். அரிவாள்மணையைத் தரையில் போட்டு நானும் மனைவியும் கட்டுக் கட்டாக நறுக்கினோம். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோதுமைத் தவிட்டைக் கையில் வைத்து ஊட்டினால் இரண்டு வாய். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். புல் வியாபாரியிடம் போய்ச் சத்தம் போட்டேன். பந்தயக் குதிரைகள் ஆசையாகத் தின்கிற புல் சார் என்று அவர் சொல்ல, அப்படியானால் நீயே தின்று பார் என்றேன். பாவம், மனிதர் நிஜமாகவே ஒரு கீற்றை வாயில் போட்டு மென்றார். அப்புறம் வேறு சரக்கு அனுப்பினார். அதையும் பத்திரமாகப் பரணில் ஏற்றினேன். அதையும் அவள் தொடவில்லை.

என்னை ரொம்பவும் அவமானப்படுத்திய விஷயம் இன்னொன்று. ராஜபோகமாகப் பரணிலிருந்து இறக்கி வைக்கும் புல்லை விட்டுவிட்டு, அவள் காலடியில் கிடந்த படுக்கை வைக்கோலைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தாள். இலை போட்டு விருந்து வைத்தால் பாயைக் கடித்துத் தின்கிறவரை என்ன சொல்வது? ஆனால் கேலி செய்கிற நிலைமை போய்விட்டது. விலா எலும்பு தெரிந்தது. கண்ணில் பீளை கட்டியது. ஏற்கெனவே மங்கல் கண். டாக்டர் இந்தத் தடவை அவள் பல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வயதாகிவிட்டது, சில குதிரைகள் இப்படித்தான் தாமாகவே நிறுத்திக்கொள்ளும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

சாச்சாவின் மகள் போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கட்டுப் பிரிக்கும்வரை அப்பாவிடம் கவலைப்படும்படி எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு போனை அவரிடம் கொடுத்தாள். அவர் எப்போதும் போல ஒரே கேள்விதான் கேட்டார், சாப்பிடுகிறாளா என்று. நான் மழையைப் பற்றிப் பேசினேன். போனை வைத்த பிறகு கொட்டகையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனைவியைச் சுமந்து போனவளை, பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவளை, நானே கேட்டு வாங்கிக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொல்கிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளின் பிறந்த நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. வழக்கப்படி வெல்லம் கொடுக்க வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். வீட்டுக்குள்கூட வராமல் பையை வாசலில் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாள். வெல்லத்தைக் குதிரை நக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். அது மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது. மகள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பலகையில் நான் வைத்திருந்த புல்லை ஒரு கை அள்ளி, குதிரை செய்கிற மாதிரியே மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது.

"அப்பா, இத எங்க வச்சிருந்தீங்க?"

இருப்பதிலேயே நல்ல இடத்தில்தான் என்றேன். பரணில், பெருங்காயப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

"தூர் அப்பா" என்றாள், வங்காளிப் பிள்ளைகள் சலித்துக்கொள்கிற மாதிரி. "இது என் ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி அடிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் அள்ளி முகர்ந்து பார்த்தேன். புல் வாசனைதான் வந்தது. மனைவியும் முகர்ந்தாள், நல்லாத்தானே இருக்கு என்றாள். பெருங்காயமும் மிளகாயும் மல்லியும் நிரம்பிய கட்டடத்தில் பிறந்து வளர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மூக்கு எங்களுடையது. அதற்கு அது காற்று. நியூ டவுனில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மகளின் மூக்குக்குத்தான் அது தனியாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள். பள்ளியில் இவள் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவர்கள் தள்ளி உட்காருவார்களாம். ஹிங், ஹிங் என்று கூப்பிடுவார்களாம். பெருங்காயத்துக்கு இங்கே அதுதான் பெயர். சட்டையைத் துவைத்து எங்கே காயப்போட்டாலும் அந்த வாசனை போகாததால்தான், கிடங்கிலிருந்து எட்டிப் போக வேண்டும் என்று மொட்டைமாடியில் அறை கேட்டிருக்கிறாள். காற்றோட்டமாகப் படிக்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னது சும்மா. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொன்னால் அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்திருக்கிறது. நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன். அதைவிட, இத்தனை வருடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தாளே என்று நெகிழ்ந்துபோனேன்.

உட்காரவில்லை அவள். மாடிக்குப் போய்த் தன் பெட்டியிலிருந்து துவைத்த போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு, போனில் கார் வரவழைத்து, நேரே புல் வியாபாரியிடம் போனாள். போர்வையில் ஒரு கட்டுப் புல்லைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கிடங்கு வழியாக வரக் கூடாது என்று பக்கத்துச் சந்தைச் சுற்றி முற்றத்துக்கு வந்தாள். என்னையும் அம்மாவையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பலகையைக் கழுவித் துடைத்து, அதன் மேல் உதறிப் போட்டாள்.

குதிரை மூக்கைக் கொண்டுபோனாள். மேலுதட்டைச் சுருக்கவில்லை. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். தேய்ந்த பல்லால் மெல்ல மெல்ல, நறநற என்று அரைக்கும் அந்தச் சத்தம். இன்னொரு வாய். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது காதில் விழவில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நன்றாகச் சத்தமாகவே அழுதேன். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொன்னேன். முருகனுக்கு, மகளுக்கு, குதிரைக்கு, ஹிங் என்று கூப்பிட்ட அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

புல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடி வந்தது. பெருங்காயத்தை வேறு இடத்துக்கு மாற்றினாலும் பரணின் பலகையிலிருந்து வாசனை போக இரண்டு தலைமுறை ஆகும். நனையாத இடமாகவும் இருக்க வேண்டும், எங்கள் வாசனை எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். மகள் யோசிக்கவே இல்லை. மொட்டைமாடி அறையின் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். கட்டிலை ஒரு ஓரமாக நகர்த்தி, அவள் படித்த மேஜையைச் சுவரோடு சேர்த்து, மரச்சட்டம் அடித்து அதன் மேல் புல்லை அடுக்கினோம். இப்போதும் அந்த அறையின் சுவரில் அவள் யூனிஃபார்மில் நிற்கும் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே கூரை உயரத்துக்குப் புல்லுக்கட்டு. மேலே போகுமுன் நான் குளித்து, மாடியில் காயும் வேறு சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். புல் வியாபாரியிடம் போய் மன்னிப்புக் கேட்டு, நல்ல பீபெரி காப்பிப் பொடி கொடுத்தேன். அவர் வாங்கி முகர்ந்துவிட்டு, இதிலும் ஹிங் அடிக்கிறது பாபு என்றார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

மகாளயத்துக்கு முந்தின வாரம் சாச்சா திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கொட்டகைக்குப் போய் அவள் விலாவைத் தடவிப் பார்த்தார்; எலும்பு தட்டுப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை முழுசாகப் பார்த்தார். பிறகு புல் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். மாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரில் இருந்த படத்தையும் கீழே இருந்த புல்லையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எங்கள் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. சாச்சா பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் வந்து புல் வைக்கிறார்.

சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "பாபு, நீங்க கடையிலேர்ந்து கிளம்பினதுமே இவ காதத் தூக்கிக் கனைக்கிறா. கண்ணு தெரியல, அவ்வளவு தூரத்துலேர்ந்து காலடிச் சத்தமும் கேக்காது. உங்க வாசனைதான்" என்றார். நம்பாமல் நானே சோதித்தேன். கடைச் சட்டையோடு கிடங்கின் பின்கதவைத் திறந்தால், நான் முற்றத்தில் கால் வைக்கும் முன்பே அவள் கனைக்கிறாள். குளித்துவிட்டு மாடிச் சட்டையோடு போனால் பேசாமல் நிற்கிறாள். புல்லில் அந்த வாசனை வந்தால்தான் ஆகாது. ஆளிடம் வந்தால் அது அவளுக்கு வேண்டியவர்களின் வாசனை.

அன்று சாயங்காலமே இதை மகளுக்குப் போனில் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா, அப்போ அன்னைக்குத் தண்ணிக்குள்ள அம்மாவையும் என்னையும் தூக்கிட்டுப் போனப்பவும் இதே வாசனதானே அவ மூக்குல அடிச்சிருக்கும்?"

ஆமாம் என்றேன். கடையிலிருந்து அப்படியே ஏற்றிக்கொண்டு போனோம்; அம்மா கையில் சாம்பார்ப் பொடிகூட ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு அவ மூஞ்சியத் திருப்பலல்ல" என்றாள்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றாமல் அப்படியே முற்றத்துக்குப் போனேன். கதவைத் திறக்கும் முன்பே அவள் கனைத்தாள்.